சர்க்கரையை யார் குறைக்க வேண்டும்?

(பெற்றோரும் ஆசிரியர்களும் கூடியிருந்த அரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

'நம் வீட்டில் சர்க்கரையைக் குறைப்போம்' என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். வீட்டைப் பற்றிக் கட்டாயம் பேசுவேன். அதற்கு முன்னால் ஆலையைப் பற்றியும் கடையைப் பற்றியும் அரசாங்கத்தின் வரியைப் பற்றியும் பேச அனுமதி வேண்டும். குடும்பங்கள் சர்க்கரையைக் குறைக்க வேண்டும் என்று நடந்த பிரசாரங்களில், நடத்தியவர்களே பின்னால் உட்கார்ந்து அளந்து பார்த்த பிரசாரம் ஒன்று இங்கிலாந்தில் நடந்தது. அது வீட்டில் தொடங்கி ஆலையில் போய்த்தான் பலன் கண்டது. அந்த அனுபவம் நமக்கு இன்று அவசரமாகத் தேவைப்படுகிறது.

2009 ஜனவரியில் இங்கிலாந்து அரசு 'சேஞ்ச் ஃபார் லைஃப்' என்ற இயக்கத்தைத் தொடங்கியது. களிமண் பொம்மைப் படங்களுக்குப் பேர்போன ஆர்ட்மன் நிறுவனம் அதற்காக வண்ண வண்ணப் பொம்மை மனிதர்களை உருவாக்கிக் கொடுத்தது. ஒரு குடும்பம் தனக்குள் பேசிக்கொள்வது போலச் செய்தி சொன்னார்கள். 2015-இல் 'இதற்குப் பதில் இது' என்று மாற்று உணவுகளைச் சொன்னார்கள். 2016 ஜனவரியில் 'சுகர் ஸ்மார்ட்' வந்தது. அது கைப்பேசிச் செயலி. கடையில் எடுக்கும் பொட்டலத்தின் பார்கோடைக் காட்டினால் போதும், உள்ளே எத்தனை சர்க்கரைக் கட்டி இருக்கிறது என்று திரையில் அடுக்கிக் காட்டும்.

இந்தக் கட்டிக் கணக்கை நான் பெரிதாக மதிக்கிறேன். கிராம் என்றால் தாய்க்குப் புரியாது என்று சொல்ல மாட்டேன். ஆனால் கிராமைக் கையில் எடுத்துப் பார்க்க முடியாது. ஒரு கட்டி என்பது சுமார் 4 கிராம், நம் கணக்கில் ஒரு தேக்கரண்டி. நான்கு முதல் ஆறு வயதுப் பிள்ளைக்கு ஒரு நாளைக்கு 5 கட்டிக்கு மேல் கூடாது. ஏழு முதல் பத்து வயதுக்கு 6 கட்டி. பதினொன்றுக்கு மேல் 7 கட்டி. இவ்வளவுதான் சொன்னார்கள். கூடவே, நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் ஓர் ஆண்டில் 22 கிலோ சர்க்கரை உண்கிறார்கள், அது ஒரு ஐந்து வயதுக் குழந்தையின் எடை என்றும் சொன்னார்கள். கேட்ட பெற்றோர் திடுக்கிட்டார்கள். நியாயமான திடுக்கிடல்தான்.

பிறகு என்ன ஆயிற்று? பிரசாரத்துக்கு முன்னும் பின்னும் பிள்ளைகள் சாப்பிட்டதைக் குறித்து வைத்து ஆராய்ந்தார்கள். தொலைக்காட்சியிலும் பள்ளியிலும் அந்தப் பேச்சாகவே இருந்த வாரங்களில் சர்க்கரை குறைந்தது. ஆண்டு முடிந்து பார்த்தபோது அந்தக் குறைவு நிலைத்திருக்கவில்லை.

இதைக் கேட்டுப் 'பார்த்தீர்களா, மக்களைத் திருத்த முடியாது' என்று சொல்பவர்கள் உண்டு. மருத்துவர்களே சொல்லக் கேட்டிருக்கிறேன். அது தவறான முடிவு. மக்கள் கேட்டார்கள், கேட்டபடி செய்யவும் செய்தார்கள். ஆனால் அவர்கள் போய்வரும் கடை அப்படியே இருந்தது. அதே அலமாரி, அதே பாட்டில், கல்லாவுக்குப் பக்கத்தில் பிள்ளையின் கைக்கு எட்டும் உயரத்தில் அதே மிட்டாய். பிரசாரம் ஓய்ந்துவிடுகிறது, கடை தினமும் திறக்கிறது. ஒவ்வொரு நாளும் மறுத்துக்கொண்டே இருக்கும் வேலையை ஒரு தாயின் தலையில் மட்டும் கட்டினால் அவள் எத்தனை நாளைக்குத் தாங்குவாள்?

அதே 2016-இல், மார்ச் மாதம், நிதியமைச்சர் ஜார்ஜ் ஆஸ்போர்ன் வரவுசெலவுத் திட்டத்தில் குளிர்பானங்களுக்கு ஒரு தீர்வையை அறிவித்தார். அதை வகுத்த விதத்தைக் கவனியுங்கள். 100 மில்லி பானத்தில் 5 கிராமுக்குக் கீழே சர்க்கரை இருந்தால் தீர்வை கிடையாது. 5 முதல் 8 கிராமுக்குள் என்றால் தொடக்கத்தில் லிட்டருக்கு 18 பென்ஸ். 8 கிராமும் அதற்கு மேலும் என்றால் 24 பென்ஸ். உடனே வசூலிக்கவும் இல்லை. 2018 ஏப்ரல் 6 முதல்தான் நடைமுறை என்று இரண்டு ஆண்டு அவகாசம் கொடுத்தார்கள். குடிக்கிறவனைத் தண்டிப்பது நோக்கமாக இருந்தால் அவகாசம் எதற்கு? தயாரிப்பவர் தம் செய்முறையை மாற்றிக்கொள்ளத்தான் அந்த இரண்டு ஆண்டு. மாற்றிக்கொண்டார்கள். பல பெரிய நிறுவனங்கள் தீர்வை வரும் நாளுக்கு முன்பே 5 கிராமுக்குக் கீழே இறங்கிவிட்டன. 2015-க்கும் 2020-க்கும் இடையில், தீர்வைக்குள் வரும் பானங்களில் 100 மில்லிக்கு இருந்த சராசரிச் சர்க்கரை சுமார் 46 விழுக்காடு குறைந்தது.

அதே ஆண்டுகளில் பிஸ்கட், கேக், சாக்லேட், காலை உணவுத் தானியங்கள் ஆகியவற்றுக்கு வேறு வழி. 'நீங்களாகவே 20 விழுக்காடு குறையுங்கள்' என்று நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார்கள். தீர்வை இல்லை, தண்டனை இல்லை. 2020-இல் அளந்தபோது மொத்தத்தில் குறைந்திருந்தது 3.5 விழுக்காடு. ஒரே நாடு, ஒரே மக்கள், ஒரே காலம். ஒரு பக்கம் 46, இன்னொரு பக்கம் 3.5. பொதுச் சுகாதாரத்தில் இவ்வளவு தெளிவான ஒப்பீடு அபூர்வமாகத்தான் கிடைக்கும்.

உடலில் பலன் தெரிந்ததா என்று கேட்பீர்கள். கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பத்து, பதினொரு வயதுச் சிறுமிகளிடம் உடற்பருமன், தீர்வை இல்லாதிருந்தால் இருந்திருக்கும் என்று கணித்த அளவைவிடச் சுமார் 8 விழுக்காடு குறைவாக இருந்தது. அதே வயதுச் சிறுவர்களிடம் அந்த மாற்றம் தெரியவில்லை. அதையும் மறைக்காமல் எழுதினார்கள். சொத்தைப் பல்லைப் பிடுங்க மருத்துவமனையில் சேர்க்கப்படும் பிள்ளைகளின் எண்ணிக்கை 12 விழுக்காடு குறைந்தது. பல் பிடுங்க வந்த குழந்தையின் அழுகையைக் கேட்டவர்களுக்கு இந்த 12 சின்ன எண்ணாகத் தெரியாது.

இங்கிலாந்தை விட்டு வருவதற்கு முன் இன்னொரு செய்தி. என் தொழில் வாழ்வில் படித்த ஆய்வுகளில் என்னை மிகவும் அசைத்தவற்றுள் அது ஒன்று. இரண்டாம் உலகப் போரின்போது, 1940 ஜனவரியில், அங்கே சர்க்கரைக்கு ரேஷன் வந்தது. போர் முடிந்த பிறகும் அது நீடித்து 1953 செப்டம்பரில்தான் நீங்கியது. நீங்கிய கையோடு பெரியவர்கள் உண்ட சர்க்கரை, நாளுக்குச் சுமார் 40 கிராமிலிருந்து 80 கிராமாக, இரட்டிப்பானது. அந்தத் தேதிக்குச் சற்று முன்னும் சற்றுப் பின்னும் பிறந்தவர்கள் ஒரே தலைமுறை, ஒரே ஊர்கள், ஏறக்குறைய ஒரே வாழ்க்கை. கருவிலும் முதல் இரண்டு வயதிலும் கிடைத்த சர்க்கரையின் அளவில்தான் பெரிய வேறுபாடு.

இவர்களில் ஏறக்குறைய 60,000 பேரின் மருத்துவப் பதிவுகளை, அவர்கள் முதுமையை எட்டிய பிறகு, ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்தார்கள். 2024-இல் 'சயன்ஸ்' இதழில் முடிவு வெளியானது. முதல் ஆயிரம் நாளில், அதாவது கருவிலும் முதல் இரண்டு வயதிலும், ரேஷன் இருந்தவர்களுக்கு இரண்டாம் வகை நீரிழிவு வரும் வாய்ப்பு சுமார் 35 விழுக்காடு குறைவு; இரத்தக் கொதிப்பு வரும் வாய்ப்பு சுமார் 20 விழுக்காடு குறைவு. வந்தவர்களுக்கும் நீரிழிவு நான்கு ஆண்டு தள்ளியும், இரத்தக் கொதிப்பு இரண்டு ஆண்டு தள்ளியும் வந்தது. கருவில் இருந்தபோது கிடைத்த பாதுகாப்பு மட்டுமே மொத்தப் பயனில் மூன்றில் ஒரு பங்கு. குழந்தை திட உணவு தொடங்கும் ஆறாம் மாதத்துக்குப் பிறகும் ரேஷன் நீடித்தவர்களுக்குப் பயன் இன்னும் கூடியது.

அந்தத் தாய்மார்களுக்கு யாரும் இதைப் பற்றிப் பாடம் நடத்தவில்லை. செயலி இல்லை, சுவரொட்டி இல்லை. கடையில் சர்க்கரை அளவாகக் கிடைத்தது, அதனால் பிள்ளைக்கும் அளவாகப் போயிற்று. அறுபது, எழுபது ஆண்டு கழித்தும் அந்தப் பிள்ளைகளின் உடலில் அது பேசுகிறது.

இப்போது நம் ஊருக்கு வருகிறேன்.

சென்னை நீரிழிவு ஆராய்ச்சி அறக்கட்டளையும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சேர்ந்து நாடு முழுவதும் நடத்திய ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்கு நீரிழிவு, இன்னும் 13.6 கோடிப் பேர் அதன் வாசலில். தமிழ்நாட்டில் பெரியவர்களில் நூற்றுக்கு 14.4 பேர். புதுச்சேரியில் 26.3 பேர். எல்லாம் சர்க்கரை டப்பாவால் வந்தது என்று சொன்னால் அது பொய். அதே ஆய்வுக் குழு பிறகு வெளியிட்ட கணக்கின்படி நாம் உண்ணும் கலோரியில் 62 விழுக்காடு மாவுச்சத்திலிருந்து வருகிறது. தட்டு நிறைய வெள்ளைச் சோறு, நடை இல்லாத நாள், பரம்பரை எல்லாம் சேர்ந்துதான் இந்த நிலை. ஆனாலும் இவற்றில் பிள்ளைகளிடம் எளிதாகக் குறைக்கக்கூடியது, குறைத்தால் எந்தச் சத்தும் இழப்பாகாதது, சேர்த்த சர்க்கரை ஒன்றுதான்.

2025 மே மாதத்தில் சி.பி.எஸ்.இ. தன் பள்ளிகளில் 'சர்க்கரைப் பலகை' வைக்கச் சொன்னது. எந்தப் பானத்தில் எவ்வளவு சர்க்கரை, ஒரு நாளைக்கு எவ்வளவு போதும் என்று பிள்ளைகள் பார்க்கும் இடத்தில் எழுதி வைக்க வேண்டும். நல்ல உத்தரவு, வரவேற்கிறேன். ஆனால் அந்தச் சுற்றறிக்கையில் இரண்டு எண்கள் இருந்தன. நான்கு முதல் பத்து வயதுப் பிள்ளைகள் தம் கலோரியில் 13 விழுக்காட்டையும், பதினொன்று முதல் பதினெட்டு வயதினர் 15 விழுக்காட்டையும் சர்க்கரையிலிருந்து பெறுகிறார்கள் என்று. இந்த எண்களும் வயதுப் பிரிவுகளும் இங்கிலாந்தின் உணவுக் கணக்கெடுப்பில் வந்தவற்றோடு அப்படியே ஒத்துப்போகின்றன. சேலத்துப் பிள்ளையும் திருநெல்வேலிப் பிள்ளையும் உண்பதைச் சேலத்திலும் திருநெல்வேலியிலும்தான் அளக்க வேண்டும். நம் பிள்ளைகளின் சர்க்கரை குளிர்பான பாட்டிலில் மட்டுமா இருக்கிறது? காலையில் பாலில் கரைக்கும் சத்துப் பொடியில், பள்ளிக்குக் கொடுத்தனுப்பும் கிரீம் பிஸ்கட்டில், சாயங்காலம் டீயோடு வரும் பன்னில், பிறந்தநாளுக்கு வகுப்பு முழுக்கக் கொடுக்கும் சாக்லேட்டில் இருக்கிறது.

பத்து, இருபது ரூபாய்க்குக் கிடைக்கும் மாம்பழப் பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பழம் என்பதால் பெற்றோருக்கு மனம் சமாதானமாகிவிடுகிறது. திருப்பிப் பாருங்கள். 100 மில்லிக்கு 12, 13 கிராம் சர்க்கரை என்று பலவற்றில் இருக்கும். 200 மில்லி குடித்தால் 25 கிராம், ஆறு தேக்கரண்டி. யு.கே.ஜி. படிக்கும் பிள்ளைக்கு ஒரு முழு நாளைக்கான வரம்பு அந்த ஒரு பொட்டலத்தில் கடந்துவிடுகிறது.

இந்தப் பானத்துக்கு நம் வரி எப்படி இருக்கிறது? 2025 செப்டம்பர் 22 முதல் மாறிய ஜி.எஸ்.டி.யில், வாயு ஏற்றாத பழச்சாற்றுப் பானங்களுக்கு வரி 12-லிருந்து 5 விழுக்காடாக இறங்கியது. சாக்லேட், பிஸ்கட், கேக் வகைகள் 18-லிருந்து 5-க்கு இறங்கின. வாயு ஏற்றிய இனிப்புப் பானத்துக்கு 40 விழுக்காடு. சர்க்கரையே இல்லாமல் வேறு இனிப்பூட்டி சேர்த்ததற்கும் அதே 40. ஆக, நம் வரி வாயுவைப் பார்க்கிறது, சர்க்கரையைப் பார்க்கவில்லை. பாதி சர்க்கரையைக் குறைத்த தயாரிப்பாளருக்கு ஒரு பைசா வரி குறையாது. பிறகு அவர் ஏன் குறைப்பார்? இங்கிலாந்து கண்ட 46 விழுக்காடு, கிராமுக்கு ஏற்ப வரியை ஏற்றி இறக்கியதால் வந்தது. நம்மிடம் வரி இருக்கிறது, வசூல் இருக்கிறது, அந்தப் படிக்கட்டு மட்டும் இல்லை.

அடுத்து லேபிள். 'சேர்த்த சர்க்கரை' எவ்வளவு என்று நம் நாட்டிலும் அச்சிடத்தான் வேண்டும். அது பொட்டலத்தின் முதுகில், பொடி எழுத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கிறது. சிலி நாட்டில் 2016 ஜூன் முதல், சர்க்கரை மிகுந்த பொட்டலத்தின் முகப்பில் கறுப்பு எண்கோணத்தில் 'சர்க்கரை அதிகம்' என்று போட்டாக வேண்டும். படிக்கத் தெரியாத பாட்டியும் கறுப்பைப் பார்த்துக் கையைப் பின்னுக்கு இழுக்கலாம். அப்படி எச்சரிக்கை பெற்ற பானங்களைக் குடும்பங்கள் வாங்கும் அளவு அங்கே ஏறக்குறைய 24 விழுக்காடு குறைந்தது. நம் நாட்டிலும் முகப்பு எச்சரிக்கை பற்றிய வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய்விட்டது. வந்தால் தமிழில் வர வேண்டும், முகப்பில் வர வேண்டும் என்று நாம் கேட்க வேண்டும்.

இனி வீட்டைப் பற்றி. இதில் நான் ஒரு குழந்தை மருத்துவன் என்ற உரிமையில் பேசுகிறேன்.

பிறந்த குழந்தையின் நாக்கில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ தொட்டு வைக்கும் 'சேனை' வழக்கம் இன்னும் நம் ஊர்களில் இருக்கிறது. குணமுள்ள பெரியவர் கையால் வைத்தால் அந்தக் குணம் பிள்ளைக்கு வரும் என்ற அன்பு அதில் இருக்கிறது. அந்த அன்பை நான் மதிக்கிறேன். ஆனால் பிறந்த குழந்தைக்குச் சீம்பாலைத் தவிர எதுவும் வேண்டாம். தேன் ஒரு வயதுக்குள் ஆபத்தாகவே முடியலாம். பெரியவர் குழந்தையை மடியில் வாங்கி நெற்றியில் முத்தம் கொடுக்கட்டும், அது போதும்.

ஆறு மாதம் ஆனதும் கொடுக்கும் டப்பா உணவு அடுத்தது. சுவிட்சர்லாந்தின் 'பப்ளிக் ஐ' அமைப்பு 2024 ஏப்ரலில் ஓர் அறிக்கை வெளியிட்டது. ஒரே நிறுவனத்தின் ஒரே பெயருள்ள குழந்தை உணவில், இந்தியாவில் ஒரு வேளைக்குச் சராசரியாக ஏறக்குறைய 3 கிராம் சர்க்கரை சேர்த்திருந்தது. ஐரோப்பாவில் விற்பதில் சேர்க்கவில்லை. அறிக்கை உலகறிந்த பிறகு, சர்க்கரை சேர்க்காத வகைகளை இங்கேயும் கொண்டுவருவதாக அந்த நிறுவனம் அறிவித்தது. முதல் ஆயிரம் நாள் பற்றி நான் சொன்ன ஆய்வோடு இதைச் சேர்த்துப் பாருங்கள். எனக்குக் கோபம் வருகிறது. உங்களுக்கும் வர வேண்டும். நம் அங்கன்வாடி சத்துமாவிலும் வெல்லம் சேர்கிறது. எடை குறைந்த பிள்ளைக்குக் கலோரி வேண்டும் என்பது உண்மை. அதை இனிப்பாலேயே தர வேண்டுமா, பயறாலும் நிலக்கடலையாலும் தர முடியாதா என்பதை அரசு உணவியல் அறிஞர்களை வைத்துப் பரிசீலிக்க வேண்டும்.

வெல்லம் என்றதும் ஒரு கேள்வி எல்லாக் கூட்டத்திலும் வரும். 'டாக்டர், நாங்கள் வெள்ளைச் சர்க்கரையை நிறுத்திவிட்டோம், நாட்டுச் சர்க்கரைதான், கருப்பட்டிதான்.' நல்ல எண்ணத்தோடு, கூடுதல் விலை கொடுத்து வாங்குகிறார்கள். வெல்லம், நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, பனங்கற்கண்டு எல்லாவற்றிலும் பெரும்பகுதி அதே சுக்ரோஸ்தான். அவற்றில் உள்ள சிறிதளவு தாதுக்களைப் பெறுவதற்காக இரண்டு கரண்டியை நான்கு கரண்டியாக்கினால் நஷ்டம்தான். ருசிக்காக வையுங்கள், பனைத் தொழிலாளிக்கு ஆதரவாக வாங்குங்கள். மருந்து என்று எண்ணிப் பிள்ளைக்கு ஊட்டாதீர்கள். உலகச் சுகாதார நிறுவனம் 2015-இல் சொன்ன வரம்பு, கலோரியில் 10 விழுக்காட்டுக்குள், முடிந்தால் 5-க்குள், என்பதில் தேனும் பிழிந்த பழச்சாறும் அடக்கம்.

பொங்கலுக்குச் சர்க்கரைப் பொங்கல் வேண்டாம் என்று நான் சொல்லவே மாட்டேன். தீபாவளி அதிரசமும் அப்படித்தான். ஆண்டில் சில நாள் உண்ணும் இனிப்பு நம்மை இந்த நிலைக்குக் கொண்டுவரவில்லை. நாள் தவறாமல், பண்டிகை என்று தெரியாமலே உள்ளே போகும் இனிப்புத்தான் கொண்டுவந்தது. டீக்கடையில் 'அரைச் சர்க்கரை' என்று சொல்லிப் பழகுங்கள்; சில வாரத்தில் நாக்கு பழகிவிடும். பிள்ளைக்குப் பாலை வெறும் பாலாகவே தொடக்கத்திலிருந்து கொடுங்கள். தாகத்துக்குத் தண்ணீர், மோர், இளநீர். இதை அம்மா மட்டும் செய்தால் நடக்காது. அப்பா வேலை முடிந்து வரும்போது வாங்கி வருவதும், தாத்தா பாட்டி ஒளித்துக் கொடுப்பதும் மாற வேண்டும். வெளிநோயாளிப் பிரிவில் பிள்ளையின் எடைக்காகத் திட்டு வாங்குவது எப்போதும் தாய்தான். அந்தத் திட்டை நிறுத்தச் சொல்லி என் இளைய மருத்துவர்களிடம் பல முறை கேட்டிருக்கிறேன். இங்கேயும் கேட்கிறேன்.

இந்த அரங்கில் இருப்பவர்களிடம் என் வேண்டுகோள் இவைதான். உங்கள் பிள்ளையின் பள்ளியில் சர்க்கரைப் பலகை இல்லையென்றால், எந்தப் பாடத்திட்டப் பள்ளியாக இருந்தாலும், அடுத்த பெற்றோர் ஆசிரியர் கூட்டத்தில் கேளுங்கள்; அதைத் தமிழில், கரண்டிக் கணக்கில் எழுதச் சொல்லுங்கள். பிறந்தநாளுக்குச் சாக்லேட்டுக்குப் பதில் பென்சிலோ நூலக அறைக்கு ஒரு புத்தகமோ என்று வகுப்பில் முடிவெடுங்கள். கர்ப்பிணிகளைச் சந்திக்கும் கிராமச் சுகாதாரச் செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் இங்கே இருந்தால், முதல் ஆயிரம் நாள் கணக்கை ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள். உங்கள் சட்டமன்ற, நாடாளுமன்ற உறுப்பினர் ஓட்டுக் கேட்டு வரும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: சர்க்கரையின் கிராமைப் பார்த்து வரி போடும் நாள் எது? பொட்டலத்தின் முகப்பில் தமிழில் எச்சரிக்கை வரும் நாள் எது? பதில் வரும் வரை கேட்டுக்கொண்டே இருங்கள்.